நத்தத்தில் ஒரு நாள் தங்கல்

தை 8, புதன். குன்றக்குடி

தேவகோட்டையிலிருந்து கிளம்பி முதல் நாள் நடை முடிந்தது. இந்த டைரி பெயிண்ட் கம்பெனிக்காரன் எங்கள் கடைக்குக் கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் அடியில் ஒரு டப்பா படம். "எங்க தங்குனே, என்ன சாப்பிட்டே, எல்லாத்தையும் எழுதி வை. நான் அதப் படிச்சாவது நடந்துக்குறேன்" என்று என் வீட்டுக்காரர் கையில் திணித்தார். ஆக, இது அவர் படிக்கப்போகிற டைரி. பார்த்துத்தான் எழுத வேண்டும்.

அவர் கதிரேசன், தேவகோட்டையில் ஹார்டுவேர் கடை. இருபது வருஷத்துக்கு மேலாகத் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர். கார்த்திகையில் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். "தெருமுனை வரைக்கும் நடங்க. பழனி வரைக்கும் வேண்டாம்" என்றார் டாக்டர். அன்றிலிருந்து வீட்டில் ஒரே புலம்பல். வேண்டுதல் அறுந்துபோகும், முருகன் சும்மா விடமாட்டான், அது இது என்று. ஒருநாள் புளிக்குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது, அவர் வாயை அடைத்தால் போதுமென்று, "உங்களுக்குப் பதிலா நான் நடக்குறேன், போதுமா?" என்று கேட்டுவிட்டேன். நாக்கில் சனி.

மார்க்கெட்டுக்கே ஆட்டோவில் போகிறவள் நான். பெங்களூரில் இருக்கும் மகள் போனில் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

எங்கள் குழுவில் ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் நடப்பதற்கு ஒரு முறை உண்டு. வேண்டுதல்காரர் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து, நடக்கிறவர் மணிக்கட்டில் கட்டிவிடுவார். பழனியில் உண்டியலில் போடும்வரை அதை அவிழ்க்கக் கூடாது. இடையில் அவிழ்ப்பதென்றால் கட்டிய கைதான் அவிழ்க்க வேண்டும். எனக்கு இவர் கட்டினார். கட்டும்போது கண் கலங்கியது, அவருக்கு. எனக்குச் செருப்பில்லாமல் ரோட்டில் நிற்பது குறுகுறுவென்று இருந்தது.

தை 9, வியாழன். திருப்பத்தூர் தாண்டி

கால் இருக்கிறது. வேறு விசேஷமில்லை.

தை 10, வெள்ளி. சிங்கம்புணரி

எழுதக் கூடாது, ஆனாலும் எழுதுகிறேன். நன்றாக இருக்கிறது.

கிளம்பும்போது இருட்டு. பச்சைப் புடவை, கையில் டார்ச். எனக்கு முன்னால் பூரணம் முருகன் பாட்டை ராகம் தப்பிப் பாடிக்கொண்டு போவாள். பூரணம் தேவகோட்டை பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருப்பவள், பல வருஷமாக இந்தக் குழுவில் நடக்கிறாள். அவள் குரலுக்கு நாயெல்லாம் ஒதுங்கி வழிவிடுகிறது. பிறகு மெல்ல விடிகிறது. வயல் தெரிகிறது, கண்மாய் தெரிகிறது. உப்பு எங்கே, கண்ணாடி எங்கே, கரண்ட் பில் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. அடுத்த கால் எடுத்து வைத்தால் போதும், அதுதான் அன்றைய வேலை.

வெயில் ஏறினால் தார் சுடுகிறது. அப்போது ரோட்டோரம் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டின் மேலேயே நடக்க வேண்டும். கோடு சுடாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி நாற்பது பேரும் கோட்டின் மேல் ஒற்றை வரிசையில் போகிறோம். வழியெங்கும் பானகம், மோர், சுண்டல். எல்லோரும் எல்லோருக்கும் சாமிதான். "சாமி, கொஞ்சம் தள்ளிக்கங்க", "சாமி, தண்ணி இருக்கா?" ஒரு வீட்டு வாசலில் பட்டுப்புடவை கட்டிய அம்மா ஒருத்தி பொத்தென்று என் காலில் விழுந்தாள். இந்தக் காலில் விழுந்தால் அவளுக்கு என்ன கிடைக்கும், கொப்புளம்தான் கிடைக்கும்.

ஆமாம், கொப்புளம் வந்திருக்கிறது. சின்னதுதான். அவர் போனில் கேட்டார், இல்லை என்று சொல்லிவிட்டேன்.

டைரியை அவரிடம் கொடுக்கும்முன் இந்தப் பக்கத்தைப் பசை போட்டு ஒட்டிவிட வேண்டும்.

தை 11, சனி. நத்தம்

வந்து சேர்ந்தேன் என்பதைவிட வந்து விழுந்தேன் என்பது பொருத்தம்.

ஊரில் ஒரு ரைஸ்மில்காரர் தன் கல்யாண மண்டபத்தை வருஷாவருஷம் எங்களுக்குத் திறந்துவிடுகிறார். மணமேடையில் எங்கள் மூட்டைகள் உட்கார்ந்திருக்கின்றன. போன கல்யாணத்தின் தெர்மாகோல் எழுத்து பின்னால் இன்னும் அப்படியே இருக்கிறது. கீழே வரிசையாகப் பிளாஸ்டிக் டப், மஞ்சளும் கல்லுப்பும் போட்ட வெந்நீர். அதில் காலை விட்டதும் என் வாயிலிருந்து வந்த சத்தம் மரியாதையான பெண்பிள்ளை போடுகிற சத்தம் இல்லை. பூரணம் டப்களை மட்டும் வரிசையாகப் போட்டோ எடுத்தாள். "முகம் விழலல்ல?" என்று கேட்டுக்கொண்டேன்.

நாளைக்கு இங்கே தங்கல். எங்கள் குழு எப்போதும் நத்தத்தில் ஒரு நாள் நிற்கும். இங்கே காலை ஆற விட்டால்தான் மிச்ச வழிக்கு அது கூட வரும் என்பது குருசாமி வயிரவன் கணக்கு. அவர் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். கம்பத்தில் ஏறி ஏறியோ என்னவோ, எதையும் அவசரப்படாமல் சொல்வார். நாளைச் சாயங்காலம் எல்லார் காலையும் அவர் பார்ப்பார். கால் தேறாதவர்கள் எங்கள் மூட்டைகளை ஏற்றிவரும் வேனில் போக வேண்டும்.

என் இடது குதிகாலுக்கு அடியில் ஒன்று இருக்கிறது. அப்பளம் அளவு. அதை இன்னும் யாரும் பார்க்கவில்லை.

அவர் போன் செய்தார்.

"கால் எப்படி இருக்கு?"

"பஞ்சாட்டம் இருக்கு."

"பொய் சொல்லாத வள்ளி. முடியலைன்னா சொல்லிரு. நத்தத்துக்கு வந்து முடிச்ச வாங்கிக்கிட்டு மிச்சத்த நானே நடந்துர்றேன்."

சும்மா மிரட்டுகிறார் என்று விட முடியாது. செய்கிற ஆள். நெஞ்சுக்குள் கம்பிவலை வைத்த மனுஷன் திண்டுக்கல் ரோட்டில் வெயிலில் நடப்பதை நினைத்தால் எனக்கு இங்கே படபடக்கிறது. நான் வேனில் ஏறினால் அவர் ரோட்டில் இறங்குவார். அதனால் நான் ஏறக் கூடாது. இதுதான் காரணம். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

தை 12, ஞாயிறு. நத்தம், காலை

விடிந்தபிறகு எழுந்தேன். என்ன சுகம்.

தங்கல் நாள் என்றால் ஓய்வு என்று நினைத்தேன். வீட்டில்கூட இவ்வளவு வேலை கிடையாது. குழாயடியில் துணி துவைக்க வரிசை, சார்ஜ் போட வரிசை. மண்டபத்துக் கைப்பிடிச் சுவர் முழுக்கப் பச்சை வேட்டி, பச்சைப் புடவை. பூரணம் கையில் ஊசியோடு சுற்றி வருகிறாள். நூல் கோத்த ஊசியைக் கொப்புளத்தில் ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் இழுத்து, நூலை உள்ளேயே விட்டு நறுக்கிவிடுவார்கள். நீர் நூல் வழியே வடிந்துவிடும், தோல் உரியாது. வலது காலில் இருந்த இரண்டுக்குப் போட்டுவிட்டாள். இடது காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"அந்தக் காலு?"

"அது நல்ல காலு."

"நல்ல காலு எதுக்கு ஒளியுது?" என்றாள். எனக்குக் கடைக்குப் போக வேண்டியிருந்தது.

மெடிக்கல்காரர் நான் வாசலில் விந்தி ஏறுவதைப் பார்த்ததுமே பஞ்சையும் பிளாஸ்திரியையும் எடுத்து மேஜையில் வைத்துவிட்டார். தை மாதம் முழுக்க இந்த ஊரில் இதுதான் வியாபாரமாம். "சாமி, கொப்புளத்துல நூல் மட்டும் கோக்காதீங்க" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

பக்கத்துப் பரோட்டாக் கடையில் சால்னா வாசனை. விரதம் என்பதால் மூச்சை அடக்கிக்கொண்டு தாண்டினேன், முழுக்க அடக்கினேன் என்று சொல்ல முடியாது. அதற்கடுத்தது டீக்கடை. தேவகோட்டையில் நான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததே இல்லை. பூரணத்தின் கடையில்கூட வாசலோடு சரி. இங்கே, "சாமி, உக்காருங்க" என்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நகர்ந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்தேன். இஞ்சி டீ. பேப்பரில் ஒரு தாள் எனக்கும் கிடைத்தது. காலை நீட்டிக்கொண்டு, புளி மூட்டை ஏற்றுகிற லாரியைப் பார்த்துக்கொண்டு, இன்னொரு டீயும் குடித்தேன். இந்த ஊரில் என்னை யாருக்கும் தெரியாது. அது எவ்வளவு நன்றாக இருந்தது என்று எழுத வரவில்லை.

தை 12, மதியம்

வந்துவிட்டார்.

புடவையை மடித்துக்கொண்டிருந்தேன். மண்டப வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது. பச்சை வேட்டி, கழுத்தில் மாலை, தோளில் பழைய நடைப்பை, காலில் செருப்பில்லை. பழக்கப்பட்ட மாடு மாதிரி நேராக உள்ளே வந்து, அவர் எப்போதும் படுக்கிற தூணுக்குக் கீழே பையை வைத்தார்.

"என்னங்க இது?"

"என்ன என்ன இது? ஒன் கால நான் பாத்துட்டேன்."

"எங்க பாத்தீங்க?"

"பூரணம் ஸ்டேட்டஸ்ல. வரிசையா டப்பு, டப்புக்குள்ள காலு."

"அதுல மொகமே இல்லையே."

"மொகம் எதுக்கு? ரெண்டாவது வெரலு பெருவெரல் மேல ஏறி ஒக்காந்துருக்குற காலு இந்தக் குழுவுலயே ஒண்ணுதான். அது தண்ணிக்குள்ள சாய்ஞ்சு நின்ன நிலையப் பாத்தாலே தெரியுது, குதிகால் ஊன முடியலைன்னு."

மணவறையில் மெட்டி போட்டபோது பார்த்திருப்பார், அப்புறம் குனிந்து பார்த்ததே இல்லை என்று நினைத்திருந்தேன். இந்த மனுஷன் என் காலை எப்போது பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கோபம் வரவில்லை. பிறகு வந்துவிட்டது.

"மகளுக்குத் தெரியுமா?"

"கடைக்குப் போறேன்னு சொல்லிருக்கேன்."

"டாக்டருக்கு?"

"அவரு என்ன, பழனி ஆண்டவரா?" என்று என் மணிக்கட்டைப் பிடித்து முடிச்சைத் தொட்டார். கையை உருவிக்கொண்டேன். சாயங்காலம் குருசாமி முன்னால் பேசிக்கொள்ளலாம் என்றேன். அவர் தூணில் சாய்ந்து நிம்மதியாகத் தூங்குகிறார். நான் அவர் மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு இதை எழுதுகிறேன். பயமாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது. பாதிச் சாப்பாட்டில் யாரோ இலையைப் பிடித்து இழுப்பதுபோல் இருக்கிறது.

தை 12, சாயங்காலம்

இந்தப் பக்கத்தை ஒட்ட வேண்டியதில்லை. எல்லாம் ஊரறிய நடந்தது.

குருசாமி ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார். சுற்றி எல்லோரும். பழைய கூட்டாளியைப் பார்த்ததில் அவருக்குச் சந்தோஷம்.

"வாங்க சாமி. மாலை எப்பப் போட்டீங்க?"

"இன்னைக்குக் காலைல. பிள்ளையார் கோயில்ல."

"வெரதம்?"

"மார்கழி ஒண்ணுலருந்து சுத்தம்."

மார்கழி முழுக்க விரதம் இருந்தவர்தான் இந்தக் குழுவில் நடக்கலாம். நான் பேசக் கூடாது என்றுதான் இருந்தேன். வாய் கேட்கவில்லை.

"முட்டை?" என்றேன்.

இவர் என்னைப் பார்த்த பார்வையில் கடையில் இருக்கிற ஆசிட் பாட்டிலெல்லாம் இருந்தது.

"அது டாக்டரு மருந்துக்குச் சொன்னது" என்றார்.

"தெனமும் ரெண்டு" என்றேன். நான் விரதம் என்பதால் கொல்லையில் தனியடுப்பு வைத்து அவரே அவித்துக்கொள்வார்.

"வெள்ளைய மட்டுந்தான் தின்னேன், சாமி. மஞ்சள செவலை நாய்க்குப் போட்டுட்டேன்."

குருசாமி தாடியைத் தடவிக்கொண்டார். "கோழி வெள்ளை தனியா மஞ்ச தனியாவா சாமி போடுது?" என்று கேட்டார். பூரணம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள், அப்படியும் அடங்கவில்லை. கடைசியில் இவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாலையைக் கழற்றிக் குருசாமி கையில் கொடுத்தார். எனக்குப் பாறாங்கல் இறங்கியதுபோல் இருந்தது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அப்புறம் கால் பார்த்தார்கள். என் முறை வந்தது. வலது காலை நீட்டினேன்.

"இன்னொரு காலு சாமி" என்றார் குருசாமி.

நீட்டினேன். இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எப்பருந்து இப்படி?"

"சிங்கம்புணரி."

"பஞ்சாட்டம் இருக்குன்னியே."

"நனைஞ்ச பஞ்சு."

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. என் கையை எடுத்து மடியில் வைத்து, நகத்தால் நெருடி மஞ்சள் முடிச்சை அவிழ்த்தார். "போதும் வள்ளி. எனக்காக நடந்தது போதும். காச நான் பஸ்ஸுல போயி உண்டியல்ல போட்டுக்குறேன். நீ வேன்ல ஏறிக்க. முருகன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டான்." நல்ல மனசோடுதான் சொன்னார்.

சந்தோஷம் வரவேண்டும். அவர் நடக்கப்போவதில்லை, நானும் நடக்க வேண்டாம். எதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேனோ அது நடந்துவிட்டது. ஆனால் மணிக்கட்டில் முடிச்சு இருந்த இடம் வெளுப்பாகத் தெரிந்ததைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. நாளைக்கு விடியுமுன் இவர்களெல்லாம் டார்ச்சோடு கிளம்புவார்கள், நான் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பேன் என்று நினைத்தேன். தாங்க முடியவில்லை.

"எனக்கு ஒரு வேண்டுதல் இருக்கு" என்றேன்.

"ஒனக்கா?" என்றார் இவர். "ஒனக்கு என்ன வேண்டுதல்?"

"அதெல்லாம் ஒங்ககிட்டச் சொல்றதுக்கில்ல."

"எங்கிட்டச் சொல்லாம என்ன வேண்டுதல்?"

"நீங்க இருபது வருசமா என்ன வேண்டிக்கிட்டு நடந்தீங்கன்னு வள்ளி என்னைக்காச்சும் கேட்டுச்சா?" என்றாள் பூரணம்.

குருசாமி யோசித்தார். "மாலை கழுத்துல இருக்கு. வெரதம் பிசகல. சொந்த வேண்டுதலுக்கு நடக்குறவங்கள வேண்டாங்குறதுக்கு நான் யாரு?" என்றார். பிறகு இவரைப் பார்த்து, "ஆனா காலு தாங்கணும்ல. ஒங்களுக்குத் தெரியாத காலா? நீங்க பாத்துச் சொல்லுங்க சாமி. நடக்கலாம்னா நடக்கட்டும், வேன்னா வேன்."

ஒரு வார்த்தை போதும் இவருக்கு. முடியாது என்று சொல்லியிருந்தால் யாரும் மறுத்துப் பேசியிருக்க மாட்டார்கள், என்னாலும் பேசியிருக்க முடியாது. ஊசி கேட்டு வாங்கினார். நெருப்பில் காட்டி, நூல் கோத்து, என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கை ரொம்பப் பதமாக இருந்தது. கடையில் ஆணி எண்ணுகிற கைதானா இது என்று இருந்தது.

"வலிக்குதா?"

"இல்ல."

"பொய்யி."

நீர் வடிந்தது. விரலால் சுற்றிலும் அழுத்தி அழுத்திப் பார்த்தார், சூடு இருக்கிறதா என்று புறங்கையை வைத்துப் பார்த்தார். இரண்டாவது தடவையும் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சீழ் கட்டல" என்றார் கடைசியில். "மெதுவாத்தான் போகணும். வெள்ளைக் கோட்ட விட்டு எறங்கக் கூடாது. நடக்கலாம்."

பிறகு துணி சுற்றிக் கட்டிவிட்டு, பல வருஷம் எத்தனையோ பேர் காலுக்குச் செய்த பழக்கத்தில், இரண்டு கையாலும் என் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு "சாமி" என்றார். ஒற்றியபிறகுதான் யார் கால் என்று அவருக்கு உறைத்தது. காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். எங்கள் இருவருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. குருசாமிதான், "கதிரேசா, வேன்ல மூட்டைக்குக் காவல் ஆள் இல்ல. பழனி வரைக்கும் முன் சீட்டு ஒனக்குத்தான்" என்று சொல்லிப் பேச்சை மாற்றினார். இவர் மகளுக்குப் போன் செய்து திட்டு வாங்கினார், மாத்திரை டப்பா பையில் இருப்பதை வீடியோவில் காட்டியபிறகுதான் அவள் விட்டாள்.

தை 13, திங்கள். கோபால்பட்டிப் பக்கம், வேப்பமரத்தடி

நடக்கிறேன். கடைசி ஆள் நான்தான். எனக்குப் பின்னால் ஒருவரும் இல்லை, ரோடுதான் இருக்கிறது. குதிகால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு வார்த்தை சொல்கிறது, எழுதக்கூடிய வார்த்தை இல்லை.

காலையிலிருந்து வேன் மூன்று தடவை என்னைத் தாண்டிப் போய்விட்டது. தாண்டும்போதெல்லாம் முன் சீட்டிலிருந்து ஒரு தலை நீள்கிறது. முதலில், "மகளுக்குக் கொழந்த வேணும்னா?" இரண்டாவது தடவை, "வீட்டுக்கு மாடி எடுக்கணும்னா?" இப்போது வேன் நின்றது. இவர் இறங்கி வந்து தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, குரலைத் தாழ்த்தி, "நல்லதுக்குத்தான வேண்டிருக்க?" என்று கேட்டார். நல்லதுக்குத்தான் என்றேன். போய்விட்டார்.

உண்மையில் நேற்று அந்த நிமிஷம் எனக்கு எந்த வேண்டுதலும் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். ராத்திரி படுத்து யோசித்தேன், காலையிலிருந்து நடந்து யோசிக்கிறேன். அவர் நெஞ்சு, மகள் வயிறு, கடைக் கடன், தம்பி வீட்டுப் பிரச்சினை என்று வரிசையாக வருகிறது. எல்லாம் இன்னொருவருக்கு. எனக்கென்று ஒன்று கேட்கலாம் என்றால் மனசு முழித்துக்கொண்டு நிற்கிறது. கேட்டுப் பழக்கமில்லை.

அவ்வளவு தூரம் நடந்துபோய் முருகன் முன்னால் வெறும் வாயோடு நிற்க முடியாது. ஏதாவது ஒன்று வைத்திருக்க வேண்டும். பூரணம் அந்த வளைவில் நின்று கையை ஆட்டுகிறாள், எழுந்துவிட வேண்டும். இப்போதைக்கு ஒன்றுதான் தோன்றுகிறது, அதையும் கேட்கலாமா என்று தெரியவில்லை: பழனி இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்தால் தேவலை.